நுரையீரலில் நீர்: அந்த முதல் அரை மணித்தியாலம்

"நுரையீரலில் நீர் கட்டிவிட்டது" என்று வைத்தியர் சொன்னதும், கட்டிலைச் சுற்றி நிற்பவர்களில் ஒருவராவது கேட்பார்: "அதை ஊசி குத்தி எடுத்துவிட முடியாதா, டொக்டர்?" கேள்வியில் பிழை இல்லை. பக்கத்துக் கட்டில்காரருக்கு நேற்று அப்படித்தான் எடுத்தார்கள். முதுகுப் பக்கமாக ஊசி ஏற்றி, ஒரு லீற்றர் மஞ்சள் நீரைப் போத்தலுக்குள் இறக்கியதை விடுதி முழுவதும் பார்த்தது. அவருக்குச் செய்ததை எங்கள் ஐயாவுக்கு ஏன் செய்யவில்லை?

பிழை நம்முடைய பேச்சில் இருக்கிறது. இரண்டு வேறு நோய்களுக்கு ஒரே பெயரை வைத்திருக்கிறோம். பக்கத்துக் கட்டில்காரருக்கு நீர் நின்றது நுரையீரலுக்கு வெளியே, அதைச் சுற்றியுள்ள இரண்டு உறைகளுக்கு நடுவில். காசநோய், நியூமோனியா, புற்றுநோய் என்று அதற்குக் காரணங்கள் பல. ஐயாவுக்கு நீர் நிற்பது நுரையீரலின் உள்ளே, காற்று நிற்க வேண்டிய சிற்றறைகளில். கிணற்றில் நிற்கும் நீரை வாளியால் அள்ளலாம். மாரி மழையில் சுவரில் ஊறிய ஈரத்தை எந்த வாளியால் அள்ளுவது?

இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது நீரைப் பற்றியது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த அவசரத்தில் கொடுக்கப்படும் முக்கியமான மருந்துகள் எவையும் சிற்றறைக்குள் இருக்கும் நீரைத் தொடுவதில்லை. ஒன்று இரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. மற்றது சிறுநீரகத்தில் போய் வேலை செய்கிறது. சிற்றறைச் சுவரின் கலங்கள் தாமாகவே உப்பை உறிஞ்சி, அதன் பின்னால் நீரையும் இழுத்துத் திருப்பி அனுப்பக்கூடியவை. திரும்பி வரும் நீருக்கு இரத்தக் குழாயில் இடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மருத்துவம் அந்த இடத்தைத்தான் தேடுகிறது.

நமது நுரையீரலில் 30 கோடிக்கும் அதிகமான சிற்றறைகள் இருக்கின்றன. காற்றையும் இரத்தத்தையும் பிரிக்கும் சுவர் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் மெல்லியது. அவ்வளவு மெல்லிய சுவர் ஒழுகாமல் இருப்பதே வியப்பு. ஒழுகாததற்குக் காரணம் ஒரு இழுபறி. நுரையீரலின் மயிர்க்குழாய்களுக்குள் இரத்தத்தின் அமுக்கம் ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் இரச அளவில் நின்று நீரை வெளியே தள்ளப் பார்க்கும். இரத்தத்தில் கரைந்துள்ள புரதங்கள் ஏறத்தாழ 25 அளவு வலுவோடு அதை உள்ளே பிடித்து வைத்திருக்கும். இந்தக் கணக்கை 1896இல் விளக்கியவர் ஏர்னெஸ்ட் ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேய உடற்றொழிலியலாளர். இடது இதயவறை இரத்தத்தை முன்னே தள்ள முடியாமல் திணறும்போது, பின்னால் நுரையீரலில் அது தேங்குகிறது. அமுக்கம் 18ஐத் தாண்டினால் கசிவு தொடங்கும். 25ஐத் தாண்டினால் சிற்றறைகளே நிரம்பும். இளஞ்சிவப்பு நுரையாக வாயில் வருவது அந்தக் கட்டத்தில்தான்.

இதயவறை திணறுவதற்கு மாரடைப்பு ஒரு காரணம், வருடக்கணக்காகக் கவனிக்காத பிரஷர் இன்னொன்று. இளவயதில் வந்த வாதக் காய்ச்சலால் வால்வு சுருங்கிப்போன பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் வருவதும் உண்டு. ஆனால் விடுதியில் அடிக்கடி காண்பது அறுபது, எழுபது வயதுக்காரர்களைத்தான். வருவது பெரும்பாலும் இரவு இரண்டு, மூன்று மணிக்கு. அதற்கும் காரணம் எளிது. பகல் முழுவதும் கால்களில் தேங்கி நின்ற இரத்தமும் நீரும், படுத்ததும் நெஞ்சை நோக்கித் திரும்புகின்றன. நலமான இதயம் அதைக் கவனிப்பதே இல்லை. தளர்ந்த இதயத்துக்கு அது மாரி வெள்ளம். அப்பா கொஞ்ச நாளாகக் கட்டிலை விட்டுச் சாய்மனைக் கதிரையிலேயே நித்திரை கொள்கிறார், யன்னலைத் திறந்துவிடச் சொல்கிறார் என்றால், அது வயதானவரின் விருப்பம் என்று விட்டுவிடக் கூடாது. உடம்பு தனக்குத் தெரிந்த முதல் சிகிச்சையைத் தானே செய்துகொண்டிருக்கிறது.

என் பெரியப்பாவுக்கு இதை முட்டு வருத்தம், அதாவது ஆஸ்துமா, என்றே இரண்டு கிழமை பார்த்தார்கள். அவர் போன இடத்தைச் சொல்லப் போவதில்லை. இந்தத் தவறு எங்கும் நடக்கக்கூடியது. நீர் ஊறிய சுவாசக் குழாய்களும் சுருங்கி விசில் சத்தம் போடும். நெபுலைசர் பிடித்தால் சற்றுத் தணிவதுபோலவும் தோன்றும், கூடவே ஏற்கெனவே ஓடிக் களைத்த இதயத்தை இன்னும் வேகமாக ஓட வைக்கும். பிறந்ததிலிருந்து முட்டு அறியாத ஒருவருக்கு 68 வயதில் திடீரென முட்டு வந்தால், முதல் சந்தேகம் நுரையீரலின் மீது விழக் கூடாது. பெரியப்பாவுக்கு அதைக் கண்டுபிடித்தவர் ஒரு இளம் வைத்தியர். செய்தது ஒன்றுதான்: "படுத்தால் கூடுதலா, எழும்பி இருந்தால் கூடுதலா?" என்று கேட்டார்.

மருந்துகளுக்கு வருவதற்கு முன் கொஞ்சம் பழங்கதை. 1847இல் யாழ்ப்பாணம் வந்து, பின்னர் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் காலத்து மருத்துவ உலகில், இந்த மூச்சுத்திணறலுக்கு இருந்த வழிகளில் ஒன்று நாளத்தை வெட்டி இரத்தத்தை வடிப்பது. இன்று கேட்டால் கொடுமை என்போம். கணக்கு சரியானதே: நெஞ்சுக்குத் திரும்பும் இரத்தத்தைக் குறைத்தால் நுரையீரலின் அமுக்கம் இறங்கும். பின்னர் இரத்தத்தை வெளியே எடுக்காமலே அதே பலனைப் பெற ஒரு உபாயம் கண்டார்கள். இரு கை, இரு கால் நான்கில் மூன்றை இறப்பர்ப் பட்டியால் கட்டி, நாளங்களில் இரத்தத்தைத் தேக்கி, ஏறத்தாழ 15 நிமிடத்துக்கு ஒருமுறை கட்டை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். 1970கள் வரைகூட இது நடைமுறையில் இருந்தது. இன்று நாக்கின் கீழ் வைக்கும் சின்னக் குளிசை செய்வது அதே வேலையைத்தான், கட்டுப் பட்டி இல்லாமல்.

அந்தக் குளிசை கிளிசரில் டிரைநைட்ரேட், சுருக்கமாக ஜி.டி.என். நெஞ்சு நோவுக்குப் பலரும் சட்டைப்பையில் வைத்திருப்பது. இரத்தக் குழாய்ச் சுவரில் அது நைட்ரிக் ஒக்சைடாக மாறித் தசையைத் தளர்த்துகிறது. சிறிய அளவில் நாளங்கள் தளரும். இரத்தம் வயிற்றிலும் கால்களிலும் தங்கும். இதயத்துக்கு வரும் சுமை குறையும். அளவு கூடினால் நாடிகளும் தளரும். இதயம் எதிர்த்துத் தள்ள வேண்டிய தடையும் குறையும். நாக்கின் கீழ் வைத்த இரண்டு, மூன்று நிமிடத்தில் வேலை தொடங்குகிறது. வைத்தியசாலையில் இதையே நாளத்தின் வழியாக, நிமிடத்துக்கு 10 அல்லது 20 மைக்ரோகிராமில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவார்கள். ஒவ்வொரு படியிலும் பிரஷரைப் பார்ப்பார்கள்.

இது ஏன் முதல் மருந்தாக வேண்டும் என்பது நோயின் தன்மையைப் பொறுத்தது. திடீரென இரவில் வந்து, பிரஷர் 200ஐத் தொட்டு, வியர்த்து ஊற்றிக்கொண்டு வருபவரின் உடம்பில் பல நேரங்களில் மொத்த நீர் அதிகம் இல்லை. நேற்று மாலை இருந்த அதே நீர்தான், இப்போது பிழையான இடத்தில் நிற்கிறது. மூச்சு முட்டிய பயத்தில் உடம்பு அட்ரினலினைக் கொட்டுகிறது, குழாய்கள் இறுகுகின்றன, இறுகியதால் இதயம் இன்னும் திணறுகிறது, திணறியதால் பயம் கூடுகிறது. இந்தச் சுழலை உடைப்பதுதான் அவசரம். அதைக் குழாயைத் தளர்த்தும் மருந்து நிமிடங்களில் உடைக்கும். சிறுநீர் வரும்வரை காத்திருப்பது தாமதம்.

1998இல் இஸ்ரேலிய வைத்தியர்கள் லான்செட் இதழில் வெளியிட்ட ஒரு சோதனை இதை நேரடியாகப் பார்த்தது. நோயாளிகள் நூறு பேரளவில்தான். ஒரு பிரிவுக்கு நைட்ரேட் அதிகம், சிறுநீர் மருந்து குறைவு. மற்றப் பிரிவுக்கு மறுதலையாக. செயற்கைச் சுவாசக் குழாய் போட வேண்டி வந்தவர்கள் முதற்பிரிவில் 13 சதவீதம், இரண்டாவதில் 40 சதவீதம். ஆனால் இதை எல்லா இதயத் தளர்ச்சிக்கும் விரித்துவிட முடியாது. 2019இல் வெளியான, 788 பேர் பங்குபற்றிய ஒரு பெரிய ஆய்வில், குழாய் தளர்த்தும் மருந்துகளைத் தொடக்கத்திலிருந்தே தீவிரமாகக் கொடுத்ததால் 180 நாட்களில் இறப்போ மீண்டும் அனுமதிக்கப்படுவதோ குறையவில்லை. இரண்டுக்கும் முரண் இருப்பதாக நான் நினைக்கவில்லை. முதலாவது, மூழ்கிக்கொண்டிருப்பவரைக் கரைக்கு இழுப்பது பற்றியது. இரண்டாவது, பல வகையான இதயத் தளர்ச்சியோடு வந்தவர்களின் அடுத்த ஆறு மாதம் பற்றியது.

ஜி.டி.என். எல்லோருக்கும் ஏற்றதல்ல. மேல் பிரஷர் 90ஐ ஒட்டி இருப்பவருக்கும், பெருநாடி வால்வு கடுமையாகச் சுருங்கியவருக்கும், வலது பக்க மாரடைப்பு வந்தவருக்கும் இது ஆபத்து. சில்டெனஃபில் போன்ற ஆண்மைக் குறைபாட்டு மருந்தை அண்மையில் எடுத்தவருக்கும் பிரஷர் பாதாளத்துக்கு இறங்கிவிடும். நம் ஊரில் அந்தக் கேள்வியை மனைவி, மக்கள் முன்னால் கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். கேட்கும் வைத்தியர் முதலில் உறவினரைத் திரைச்சீலைக்கு வெளியே அனுப்புவது அதனால்தான்.

இரண்டாவது மருந்து எல்லோருக்கும் தெரிந்தது: பியூரோசமைட். லாசிக்ஸ் என்றால் மருந்துக் கடையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வீட்டில் இதன் பெயர் "சலக் குளிசை". இதன் பரம்பரை சுவையானது. 1919இல் வியன்னாவில் அல்பிரட் வோகல் என்ற மருத்துவ மாணவர், மேகநோயுள்ள ஒரு சிறுமிக்குப் பாதரசம் கலந்த ஊசி மருந்தைக் கொடுத்தார். நோயைப் பார்க்கப் போனவரின் கண்ணில் பட்டது, தாதியர் ஒழுங்காக எழுதி வைத்திருந்த சிறுநீர்க் கணக்கு. ஊசி போட்ட நாட்களில் மட்டும் அது பெருகியிருந்தது. அதிலிருந்து 40 வருடம் பாதரசமே வீக்கத்துக்கு ஊசி மருந்தாக இருந்தது. 1960களில் பியூரோசமைட் வந்து அதை ஓரங்கட்டியது. கணக்கு எழுதிய அந்தத் தாதியரின் பெயர்கள் எந்தப் பாடநூலிலும் இல்லை.

சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லீற்றரை வடிகட்டி, ஏறக்குறைய எல்லாவற்றையும் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. அதில் உப்பின் கால்வாசியை மீட்கும் ஒரு பகுதியின் வாசலை இந்த மருந்து அடைத்துவிடுகிறது. உப்பு வெளியேறுகிறது, நீர் உப்பின் பின்னால் போகிறது. நாளத்தில் ஏற்றினால் ஐந்து நிமிடத்தில் தொடங்கி, அரை மணித்தியாலத்தில் உச்சம் தொட்டு, இரண்டு மணித்தியாலம் அளவில் அடங்கும்.

இரவில் மூச்சு முட்டும்போது வீட்டில் இருக்கும் சலக் குளிசையை இரண்டாக விழுங்கிவிட்டுக் காத்திருப்பது ஏன் பயனில்லை என்பது இதிலிருந்து தெரியும். வாயால் எடுத்த பியூரோசமைட்டில் சராசரியாகப் பாதிதான் இரத்தத்தில் சேரும். சிலருக்குப் பத்தில் ஒரு பங்கு. நீர் ஏறி வீங்கிய குடல் அதையும் மெதுவாகத்தான் விடும். விடியும்வரை காத்திருக்க இந்த நோய் நேரம் தராது. 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். 2018 ஜூலையில் வடமாகாணத்துக்கு வந்த சுவசெரிய அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை.

இந்த மருந்து சிறுநீர் பெருகுமுன்பே நாளங்களைத் தளர்த்தி உதவுகிறது என்று 1973இல் ஒரு ஆய்வு காட்டியது. அது பாடநூல்களிலும் ஏறிவிட்டது. 1985இல் வந்த இன்னொன்று நேர்மாறாகக் காட்டியது. நாட்பட்ட இதயத் தளர்ச்சி உள்ளவர்களுக்கு ஊசி போட்ட முதல் 20 நிமிடத்தில் குழாய்கள் இறுகிப் பிரஷர் ஏறியது. முதலாவது ஆய்வில் இருந்தவர்கள் புதிதாக மாரடைப்பு வந்தவர்கள். ஆகவே பிரஷர் உச்சத்தில் இருப்பவருக்கு முதல் பத்து நிமிடத்தைச் சலக் குளிசையின் ஊசி வடிவத்திடம் மட்டும் ஒப்படைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நீர் உண்மையிலேயே கூடியவருக்கு, கால் வீங்கி, வயிறு உப்பி, கிழமைக்கணக்கில் எடை ஏறி வந்தவருக்கு, கதை வேறு. அவருக்கு இதுவே தலைமை மருந்து.

அளவு? முன்பு எடுக்காதவருக்கு 40 மில்லிகிராம் வழக்கமான தொடக்கம். ஏற்கெனவே குளிசை எடுப்பவருக்கு அந்த நாளாந்த அளவே ஊசியாக, அல்லது அதன் இருமடங்காக. துளித்துளியாக ஏற்றுவது நல்லதா, ஒரேயடியாகவா என்று 2011இல் 308 பேரிடம் செய்த ஆய்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வேறுபாட்டைக் கொண்டுவருவது பலனை அளந்து பார்ப்பதுதான். முதல் ஆறு மணித்தியாலத்தில் மணிக்கு 100 முதல் 150 மில்லிலீற்றர் சிறுநீராவது போக வேண்டும். போகாவிட்டால் அளவை இரட்டிப்பார்கள். சலப்பையில் குழாய் போடுவதற்கு உறவினர் முகம் சுளிப்பதுண்டு. அந்தப் பையில் ஏறும் கோடுதான் அன்றிரவு வைத்தியரின் கண்.

ஊசி வேகமாகப் போனால் காது இரையும், கேட்கும் திறன் குறையும். பொற்றாசியமும் கூடவே வெளியேறுவதால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறலாம். அடுத்த நாள் காலையில் இரத்தம் எடுப்பது அதற்காகத்தான்.

மோர்பினின் கதையும் இதில் உண்டு. நெடுங்காலம் இந்த நோய்க்கு அது கட்டாய மருந்து. நோயாளியின் முகத்தில் உடனே தெரியும் அமைதியை எந்த வைத்தியரும் விரும்புவார். ஆனால் அந்த அமைதி மூச்சையும் அமைதியாக்கிவிடக்கூடும். ஸ்பெயினில் 111 பேரோடு நடந்து 2022இல் வெளியான ஒப்பீட்டுச் சோதனை, மோர்பின் பிரிவில் பாரதூரமான தீங்குகள் அதிகம் வந்ததால் இடைநடுவே நிறுத்தப்பட்டது. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2021 வழிகாட்டி ஏற்கெனவே அதை வழமையாகக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தது. ஒட்சிசனும் அப்படியே: இரத்தத்தில் அதன் செறிவு 90 சதவீதத்துக்குக் கீழே போனவருக்கு மருந்து, மற்றவருக்குத் தேவையற்றது. முகத்தில் இறுக்கிக் கட்டி அழுத்தத்தோடு காற்றூட்டும் முகமூடி மருந்து இல்லை; பலருக்கு மருந்தைவிட விரைவாக மூச்சை இலகுவாக்கும். 1,069 பேர் பங்குபற்றி 2008இல் வெளியான பிரித்தானிய ஆய்வில் அது திணறலைக் குறைத்தது. ஏழு நாள் இறப்பில் வேறுபாடு காட்டவில்லை.

எல்லாவற்றிலும் கடினமானவர், கைகால் குளிர்ந்து, பிரஷர் 80க்கு இறங்கி வருபவர். நுரையீரலில் நீர் நிற்கிறது, ஆனால் தளர்த்தும் மருந்தைத் தந்தால் மிச்சமிருக்கும் பிரஷரும் போய்விடும். அங்கே டொபுட்டமின், நோர்அட்ரினலின் போன்றவை இதயத்தையும் குழாய்களையும் தூக்கிப் பிடிக்க, காரணமான மாரடைப்பைத் திறக்க ஓட வேண்டும். சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிசில் இருப்பவருக்குப் பியூரோசமைட்டின் வாசலே மூடியிருக்கிறது. ஒரு முறையைத் தவறவிட்டு மூச்சுத்திணறி வருபவருக்கு இயந்திரமே மருந்து, அதுவரை ஜி.டி.என். தாங்கும்.

நீர் என்ற சொல் நம்மை மீண்டும் ஏமாற்றும் இடங்களும் உண்டு. பூச்சிமருந்து குடித்தவரின் நெஞ்சு களகளவென்று சத்தமிடும். அது இதயம் அனுப்பிய நீர் அல்ல, சுரப்பிகள் கட்டுமீறிச் சுரந்த நீர். அதற்கு அத்ரோப்பின், நெஞ்சு உலரும்வரை சில நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டித்து இரட்டித்து. டெங்கு இன்னும் நுட்பமானது. கார்த்திகை, மார்கழி மழையோடு இங்கே அது பெருகும்போது, குழாய்களிலிருந்து நீர் கசியும் கட்டத்தில் பியூரோசமைட் தந்தால் நோயாளி அதிர்ச்சி நிலைக்குப் போய்விடுவார். கசிந்தது இரத்தத்துக்குத் திரும்பும் கட்டத்தில், ஏற்றிய சேலைன் மிகையாகி மூச்சு முட்டினால், அதே மருந்து கைகொடுக்கும். ஒரே நோயாளி, ஒரே மருந்து, இடையில் ஒன்றிரண்டு நாள்.

இனி, அந்த இரவு ஏன் வந்தது என்பது. விடிந்ததும் வைத்தியர் கேட்கும் கேள்விகளுக்கு வரும் பதில்கள் வியப்பூட்டும் அளவுக்கு ஒன்றுபோலவே இருக்கும். கொழும்புக்கு இரவு பஸ், ஏறத்தாழ 400 கிலோமீற்றர், வழியில் எங்கே இறங்குவது என்ற பயத்தில் இரண்டு நாள் சலக் குளிசையை விட்டிருப்பார். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் வெயிலில் நிற்க வேண்டும் என்று நிறுத்தியிருப்பார். பிரஷர் சரியாகிவிட்டதென்று தானே முடிவெடுத்திருப்பார். கருவாட்டுக் குழம்பும் மோர் மிளகாயும் அல்லது கூட்டமாகக் குடித்த ஒடியற்கூழும் உப்பை ஏற்றியிருக்கும். யாரும் சொல்லாத பதில் ஒன்றும் உண்டு: முழங்கால் நோவுக்கு மருந்துக் கடையில் வாங்கிய டைக்குளோபெனக். அது உப்பையும் நீரையும் உடம்பில் பிடித்துவைத்து, சலக் குளிசையின் வேலையையும் கெடுக்கும். கேட்டால், "அது வெறும் நோக் குளிசைதானே" என்பார்கள்.

வீட்டில் ஒரு தராசு இருந்தால் இதைக் கொஞ்சம் முன்கூட்டியே பிடிக்கலாம். காலையில் சலம் போன பின், சாப்பிடுமுன், ஒரே மாதிரி உடுப்போடு நிறுத்துக் கலண்டரில் எழுத வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சோறு அல்ல, நீர். கிளினிக் திகதிக்குக் காத்திராமல் போக வேண்டும். பஸ் பயணம் வந்தால் குளிசையை விடாமல் நேரத்தை மாற்ற முடியுமா என்று வைத்தியரிடம் கேட்கலாம், பெரும்பாலும் முடியும்.

நெடுந்தீவில் இருப்பவருக்கு இந்த அரை மணித்தியாலக் கணக்கு இன்னொரு அர்த்தம் கொள்கிறது. குறிகட்டுவானுக்குப் படகில் ஒரு மணித்தியாலம், அங்கிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குத் தரைவழி. கடல் கொந்தளித்தால் படகே இல்லை. ஆனால் மேலே சொன்ன முதல் இரண்டு மருந்துகளும் பெரிய இயந்திரம் கேட்பவையல்ல, விலை குறைந்தவை, உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவை. தீவின் சிறிய வைத்தியசாலையிலேயே தொடங்கிவிட்டுக் கிளம்பினால், படகில் போகும் நேரமும் சிகிச்சை நேரமே. ஒன்றை மட்டும் படகுக்காரரிடம் சொல்லி வைக்க வேண்டும். நோயாளி என்றதும் பலகையில் படுக்க வைத்துக் கட்டித் தூக்குவது வழக்கம். இவரை அப்படிக் கட்டக் கூடாது. முதுகுக்குச் சாக்கோ தலையணையோ கொடுத்து நிமிர்த்தி, கால்களைத் தொங்கவிட்டு, காற்று வரும் பக்கமாக இருத்த வேண்டும்.